கூரையைப் பிரித்த நால்வர்: முதியோருக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் ஏற்ற இல்லம்



கப்பர்நாகும் ஊரில் ஒரு வீடு. உள்ளே இயேசு போதித்துக்கொண்டிருக்கிறார். வாசலருகிலும் நிற்க இடமில்லாத அளவுக்குக் கூட்டம். முடக்குவாதமுற்ற ஒருவரை நான்கு பேர் சுமந்துகொண்டு வருகிறார்கள். வாசல் வழியாக உள்ளே போக முடியவில்லை. 'கூட்டம் கலையட்டும், நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம்' என்று அவர்கள் திரும்பிப் போயிருக்கலாம். ஆனால் அவர்கள் கூரைமேல் ஏறி, அதைப் பிரித்து, அவரைப் படுக்கையோடு இயேசுவின் முன்னே இறக்கினார்கள் (மாற் 2:1-12).

இந்த நற்செய்திப் பகுதியைப் பற்றி எத்தனையோ மறையுரைகளைக் கேட்டிருக்கிறோம். பாவ மன்னிப்பைப் பற்றியும் நம்பிக்கையைப் பற்றியும் சிந்தித்திருக்கிறோம். ஆனால் இதில் நாம் அதிகம் கவனிக்காத இரண்டு செய்திகள் உண்டு. முதலாவது, அந்த மனிதரின் வழியை மறித்தது அவருடைய நோய் மட்டுமல்ல. அந்தக் கட்டடமும் அதன் வாசலும்கூட மறித்தன. அந்த நால்வரால் அவருடைய கால்களைச் சரிசெய்ய முடியாது. வீட்டை மாற்ற முடியும், அதைச் செய்தார்கள். வீட்டுக்காரர் முணுமுணுத்ததாக நற்செய்தியில் ஒரு சொல்லும் இல்லை. இரண்டாவது, குணம்பெற்றவரை ஆண்டவர் அனுப்பிய இடம் அவருடைய சொந்த வீடு.

தன் வீட்டில், தன் கால்களால், யாரையும் எதிர்பார்க்காமல் நடமாடுவது எவ்வளவு பெரிய கொடை என்பது அதை இழந்தவர்களுக்குத்தான் தெரியும். மூட்டு தேய்ந்த முதியவருக்கும், இளம்பிள்ளை வாதத்தால் கால் சூம்பியவருக்கும், பக்கவாதத்தில் ஒரு கை ஒரு கால் விழுந்துபோனவருக்கும் உடல் பழைய நிலைக்குத் திரும்பாமலே போகலாம். ஆனால் அவர்கள் வாழும் வீட்டை மாற்ற முடியும். அது எப்படி என்பதை எண்ணிப் பார்க்கவே இந்தக் கட்டுரை.

மாலை ஆறு மணிக்குப் பிறகு தண்ணீர் குடிக்காத ஒரு தாய்

முதல் வெள்ளிக்கிழமைகளில் நோயாளிகளுக்கு நற்கருணை கொண்டு செல்லும்போது ஒரு வீட்டுக்குப் போவது வழக்கம். ஓய்வுபெற்ற ஆசிரியை. எழுபத்தெட்டு வயது. மகன் புதிதாகக் கட்டிய வீடு. பளபளக்கும் டைல்ஸ் தரை, அழகான திருஇருதயப் படம், காற்றோட்டமான அறை. குறை என்று சொல்ல எதுவும் இல்லை. ஒருநாள் செபம் முடிந்து, "வேளாவேளைக்கு மாத்திரை சாப்பிடுகிறீர்களா, தண்ணீர் நிறையக் குடிக்கிறீர்களா?" என்று கேட்டேன். அவர் குரலைத் தாழ்த்திச் சொன்னார்:

"எல்லாரும் நல்லாத்தான் பாத்துக்குறாங்க சாமி. ஆனா சாயங்காலம் ஆறு மணிக்கு மேல நான் தண்ணி குடிக்கிறதில்ல. ராத்திரி பாத்ரூம் போகணும்னா மருமகள எழுப்பணும். பாவம், அது விடிஞ்சா வேலைக்குப் போற புள்ள."

குளியலறை அவர் அறையிலிருந்து பத்தடி தூரம்தான். ஆனால் இடையில் விளக்கில்லை. கதவருகே நான்கு அங்குலம் கீழே இறங்க வேண்டும். பிடித்துக்கொள்ள ஒன்றும் இல்லை. அந்த வீட்டில் அன்புக்குக் குறைவில்லை. ஒரு கைப்பிடியும் ஒரு சிறு விளக்கும்தான் இல்லை.

இப்படித் தண்ணீரைக் குறைத்துக்கொள்ளும் முதியோர் ஏராளம். அதனால் சிறுநீர்த் தொற்றும் மலச்சிக்கலும் வரும். உடலில் நீர் குறைந்தால் எழும்போது தலைசுற்றும், தலைசுற்றினால் விழுவார்கள். எதற்குப் பயந்து தண்ணீரைக் குறைத்தார்களோ, அதுவே நடந்துவிடுகிறது.

வீடு கட்டுவது பற்றி இறைவார்த்தை

இஸ்ரயேல் மக்களுக்கு ஆண்டவர் தந்த கட்டளைகளுள் வீடு கட்டுவோருக்கென்றே ஒன்று உண்டு. புதிதாக வீடு கட்டுபவர் மாடியைச் சுற்றிக் கைப்பிடிச் சுவர் எழுப்ப வேண்டும். அங்கிருந்து எவராவது விழுந்தால் அந்தப் பழி அந்த வீட்டின்மேல் வரும் என்கிறது இணைச்சட்ட நூல் (22:8). கைப்பிடி வைப்பது கொத்தனாரின் வசதிக்கு விடப்பட்ட காரியம் அல்ல. அது கடவுளின் சட்டம். பார்வையற்றவரின் வழியில் தடைக்கல் வைக்கக்கூடாது என்கிறது லேவியர் நூல் (19:14). அதே அதிகாரம்தான் நரைத்த தலைக்கு முன் எழுந்து நிற்கவும் கட்டளையிடுகிறது (19:32).

சூனேம் ஊர்ப் பெண் ஒருவர் இறைவாக்கினர் எலிசாவுக்காகத் தன் வீட்டையே மாற்றினார். மாடியில் ஒரு சிற்றறை கட்டி, அதில் கட்டில், மேசை, நாற்காலி, விளக்கு ஆகிய நான்கையும் வைத்தார் (2 அர 4:8-10). இறைவாக்கினர் கேட்டு அவர் செய்யவில்லை. வருபவருக்கு என்ன தேவை என்று தானே கண்டு செய்தார். தந்தையின் முதுமையில் அவருக்கு உதவ வேண்டும், அவருடைய அறிவாற்றல் குறைந்தாலும் பொறுமையோடு நடத்த வேண்டும் என்று சீராக் நூல் (3:12-13) கூறுவதை நம் வீட்டுக்குள் நிறைவேற்ற, அந்தப் பெண்ணின் கண்கள் நமக்கு வேண்டும்.

ஏன் இன்று இதைப் பேச வேண்டும்?

2011ஆம் ஆண்டின் மக்கள் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் 60 வயதைக் கடந்தவர்கள் 10 கோடிக்கும் மேல். தமிழகத்தில் அப்போதே நூற்றுக்குப் பத்துப் பேருக்கு மேல் முதியோர். அதே கணக்கெடுப்பில் 2 கோடியே 68 இலட்சம் பேர் மாற்றுத்திறனாளிகளாகப் பதிவாயினர். அதற்குப் பின் முதியோர் எண்ணிக்கை கூடியிருக்கிறதே தவிரக் குறையவில்லை. நம் பங்குகளிலும் இளையோர் சென்னைக்கும் பெங்களூருக்கும் வளைகுடா நாடுகளுக்கும் சென்றுவிட, பெற்றோர் தனித்து வாழும் வீடுகள் பெருகிவருகின்றன.

உலக நல நிறுவனம் 2021இல் வெளியிட்ட கணிப்பின்படி, கீழே விழுவதால் மட்டும் உலகில் ஆண்டுக்கு 6 இலட்சத்து 84 ஆயிரம் பேர் இறக்கின்றனர். அவர்களில் மிகுதியானோர் 60 வயதைக் கடந்தவர்கள். முதுமையில் எலும்பு வலுவிழந்திருப்பதால், ஒரு சிறு வழுக்கலே இடுப்பு எலும்பு முறிவாகிறது. எழுந்து நடந்துகொண்டிருந்தவர் அன்றோடு படுக்கையில் விழுகிறார். ஒருமுறை விழுந்தவர் மறுபடியும் விழுந்துவிடுவோமோ என்ற அச்சத்தில் நடப்பதையே குறைத்துக்கொள்கிறார். நடக்காத கால்கள் மேலும் வலுவிழக்கின்றன.

முதலில் செய்ய வேண்டியது

எதையும் வாங்குவதற்கு முன், ஒருநாள் முழுவதும் உங்கள் வீட்டு முதியவரை, அல்லது மாற்றுத்திறனுள்ளவரைக் கவனியுங்கள். காலையில் எழும்போது எதைப் பிடிக்கிறார்? எந்த இடத்தில் தயங்கி நிற்கிறார்? சுவரில் எங்கே கைரேகை படிந்திருக்கிறது? துண்டு போடும் கம்பியையோ குழாயையோ பிடித்து எழுகிறார் என்றால், அங்கே கைப்பிடி வேண்டும் என்று பொருள். துண்டுக் கம்பி துண்டின் எடையைத் தாங்குவதற்காக மாட்டப்பட்டது. ஆளின் எடையைத் தாங்காது.

பிறகு அவரிடமே கேளுங்கள். அவரைக் கேட்காமல் அவருக்காகச் செய்யும் மாற்றம் பல வேளைகளில் பயன்படாமலே போகிறது. வாக்கரை மூலையில் சாத்தி வைத்துவிட்டுச் சுவரைப் பிடித்து நடக்கும் பெரியவர்களை நாம் பார்த்ததில்லையா?

வாசலும் படியும்

நம் ஊர் வீடுகள் மழைநீர் புகாதிருக்க உயர்த்திக் கட்டப்படுகின்றன. அதனால் முதல் தடை வாசலிலேயே தொடங்குகிறது. இரண்டு மூன்று படி என்றால், இருபுறமும் ஏறத்தாழ மூன்றடி உயரத்தில் பிடிகம்பி வைத்தாலே போதும். கம்பி முதற்படிக்கு ஓரடி முன்பே தொடங்கி, கடைசிப் படிக்கு ஓரடி பின்பு முடிய வேண்டும். ஒருபுறம் மட்டும் வைத்தால், பக்கவாதத்தால் ஒரு கை செயலிழந்தவர் ஏறும்போது பிடிப்பார். இறங்கும்போது அவருக்குப் பிடி இருக்காது. எல்லாப் படிகளும் ஒரே உயரமாக இருக்கட்டும். ஒவ்வொரு படியின் விளிம்பிலும் மஞ்சள் வண்ணத்தில் ஒரு பட்டை தீட்டினால், பார்வை மங்கியவருக்குப் படி எங்கே முடிகிறது என்று தெரியும்.

சக்கர நாற்காலிக்குச் சாய்தளம் வேண்டும். ஓர் அங்குல உயரத்துக்குப் பன்னிரண்டு அங்குல நீளம் என்பது கணக்கு. ஆறு அங்குலப் படிக்கு ஆறடி நீளம். ஒன்றரை அடி உயர வாசலுக்குப் பதினெட்டடி நீளம். நம் வீடுகளின் முன்னே இருசக்கர வண்டி ஏற்றுவதற்காகப் போட்டிருக்கும் சரிவு இதைவிட மிகச் செங்குத்தானது. அதில் சக்கர நாற்காலியை ஏற்றினால் பின்னோக்கிக் கவிழும். இறக்கினால் கட்டுக்கு அடங்காது ஓடும். நீளத்துக்கு இடமில்லையென்றால், நடுவில் சமதளம் விட்டு மடக்கிக் கட்டலாம். சாய்தளத்தில் வழவழப்பான கிரானைட் வேண்டாம். கோடு கிழித்த சிமென்ட் தரையே நல்லது, மழையிலும் வழுக்காது. ஓரங்களில் சக்கரம் விலகாதபடி சிறு வரம்பு கட்டுங்கள்.

கதவு, தரை, வெளிச்சம்

சக்கர நாற்காலி தாராளமாகப் போய்வர மூன்றடி அகலக் கதவு வேண்டும். பழைய வீடுகளில் குளியலறைக் கதவு இரண்டேகால் அடிதான் இருக்கும். கட்டும்போதே கவனித்தால் செலவு மிகக் குறைவு. பின்னால் நிலையைப் பெயர்த்து மாற்றுவது பெருஞ்செலவு. ஆகவே இளம் தம்பதியர் வீடு கட்டத் திட்டமிடும்போதே, கீழ்த்தளத்தில் ஓர் அறையும் அதனோடு இணைந்த குளியலறையும் மூன்றடிக் கதவுகளோடு இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள். அறைக்குள் சக்கர நாற்காலி முழுதாகத் திரும்ப ஐந்தடி வட்டம் வேண்டும். உருண்டைக் குமிழைவிட நீண்ட கைப்பிடி உள்ள கதவைத் திறப்பது எளிது. விரல் மடங்காதவர் முழங்கையாலும் திறக்கலாம்.

தரையில் விரித்திருக்கும் கால்மிதிகள் பலரை வீழ்த்தியிருக்கின்றன. அடியில் வழுக்காத ரப்பர் உள்ளவற்றைத் தவிர மற்றவற்றை எடுத்துவிடுங்கள். நடைபாதையில் மின்கம்பிகள், சிறு முக்காலிகள், பேரப்பிள்ளைகளின் விளையாட்டுப் பொருள்கள் கிடக்க வேண்டாம். தேய்ந்த செருப்பையும், ஊன்றுகோலின் நுனியில் தேய்ந்த ரப்பரையும் உடனே மாற்றுங்கள்.

கட்டிலிலிருந்து கழிப்பறை வரை இரவு முழுவதும் எரியும் சிறு விளக்குகள் இருக்கட்டும். சுவிட்சுகள் மூன்றடியிலிருந்து நான்கடி உயரத்துக்குள் இருந்தால், அமர்ந்திருப்பவரின் கைக்கும் எட்டும். கட்டிலில் படுத்தபடியே எட்டும் தூரத்தில் ஒரு சுவிட்சும், பக்கத்து அறையில் ஒலிக்கும் ஓர் அழைப்பு மணியும் அவசியம்.

குளியலறையும் கழிப்பறையும்

நேரமும் பணமும் ஓர் இடத்துக்கு மட்டுமே போதும் என்றால், அது இந்த இடத்துக்காக இருக்கட்டும். ஈரமும் சோப்பும் கல்தரையும் சேரும் இடம் இது. வெட்கத்தால் யாரையும் துணைக்கு அழைக்காத இடமும் இதுவே.

• குந்தி அமரும் கழிப்பறை மட்டும் உள்ள வீடுகளில், அதன்மேல் வைத்துப் பயன்படுத்தும் நடுவில் துளையுள்ள நாற்காலி கிடைக்கிறது. சுவரை இடிக்காமலே சிக்கல் தீரும். அதன் கால்கள் நகராதபடி ரப்பர் பொருத்துங்கள்.

• இருக்கை வகைக் கழிப்பறையானால், இருக்கை தரையிலிருந்து ஏறத்தாழ ஒன்றரை அடி உயரம் இருக்க வேண்டும். தாழ்வாக இருந்தால் மூட்டுவலி உள்ளவரால் எழ முடியாது.

• இருக்கையின் பக்கத்துச் சுவரிலும் குளிக்கும் இடத்திலும் கைப்பிடி பொருத்துங்கள். அவரையே அமரச் சொல்லி, எழும்போது கை எங்கே போகிறது என்று பார்த்துச் சுவரில் குறித்துக்கொள்வதே சிறந்த அளவு. கம்பி ஒன்றரை அங்குலப் பருமனும், சுவரிலிருந்து ஒன்றரை அங்குல இடைவெளியும் இருந்தால் போதும். இடைவெளி அதிகமானால், வழுக்கும்போது கை உள்ளே சிக்கி முறியும். செங்கல்லில் துளையிட்டுப் போல்ட் முடுக்க வேண்டும். டைல்ஸில் காற்றழுத்தத்தால் ஒட்டவைக்கும் கைப்பிடிகளை நம்ப வேண்டாம், திடீரென்று கழன்றுவிடும்.

• நின்று குளிப்பதைவிட, உறுதியான நாற்காலியில் அமர்ந்து குளிப்பது நல்லது. லேசான பிளாஸ்டிக் முக்காலி ஈரத்தில் நகரும். வாளியும் குவளையும் குனியாமல் எட்டும் உயரத்தில் இருக்கட்டும்.

• குளியலறைக் கதவு வெளிப்பக்கமாகத் திறக்க வேண்டும். உட்பக்கம் திறக்கும் கதவானால், உள்ளே விழுந்தவரின் உடலே கதவை அடைத்துவிடும். உதவிக்கு ஓடி வருபவர் உள்ளே போக முடியாது. தாழ்ப்பாள் வெளியிலிருந்தும் திறக்கக்கூடியதாக இருக்கட்டும்.

• வழுக்காத டைல்ஸ் மாற்ற முடியாவிட்டால், துளைகளுள்ள ரப்பர் விரிப்பைப் போடலாம். பாசி பிடிக்காமல் வாரந்தோறும் தேய்த்துக் கழுவுவது அதைவிட முக்கியம்.

படுக்கையும் சமையலறையும்

கட்டிலில் அமர்ந்தால் இரு பாதங்களும் தரையில் முழுமையாகப் பதிய வேண்டும். உயரமான கட்டிலின் காலை அறுத்துக் குறைக்கலாம். தாழ்ந்ததைக் கட்டையால் உயர்த்தலாம். கை வைத்த நாற்காலியிலிருந்து எழுவது எளிது. பெரியவர்களை மாடியறையில் தங்கவைப்பதைத் தவிர்ப்போம். காற்று வருகிறது என்று மாடியைக் கொடுத்தால், நாளடைவில் அவர்கள் தெருவையும் கோவிலையும் மறக்க நேரிடும்.

சமையல் என்பது நம் தாய்மாருக்கு வெறும் வேலை அல்ல. அதுவே அவர்களுடைய அதிகாரமும் அடையாளமும். 'நீங்கள் உட்காருங்கள், நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்' என்று அடுப்படியிலிருந்து அகற்றுவது அன்பாகத் தோன்றலாம். அவர்களுக்கு அது பதவி பறிபோனது போல. அன்றாடம் எடுக்கும் டப்பாக்களை இடுப்புக்கும் தோளுக்கும் இடைப்பட்ட உயரத்தில் வையுங்கள். அமர்ந்து காய் நறுக்க ஒரு மேசை போதும். சக்கர நாற்காலியில் இருப்பவருக்கு அடுப்பு மேடையின் ஒரு பகுதியைத் தாழ்த்தி, அடியில் முழங்கால் நுழைய இடம் விட்டால் அவரே தேநீர் போட்டுக்கொள்வார்.

பார்வை, செவி, நினைவு

பார்வையற்றவர் உள்ள வீட்டில் பொருள்களை இடம் மாற்றாதீர்கள், மாற்றினால் சொல்லிவிடுங்கள். பாதி திறந்த கதவு அவருக்கு ஆபத்து. முழுதாகத் திறந்திருக்க வேண்டும், அல்லது மூடியிருக்க வேண்டும். செவித்திறன் குறைந்தவருக்கு அழைப்பு மணியோடு விளக்கும் எரியும்படி அமைக்கலாம்.

மறதி நோயுற்றவருக்குக் கழிப்பறைக் கதவில் ஒரு படம் ஒட்டுவதும், அந்தக் கதவுக்குத் தனி வண்ணம் அடிப்பதும் உதவும். வெள்ளைச் சுவரில் வெள்ளைக் கைப்பிடி அவர் கண்ணுக்குத் தெரியாது. அவர் பல ஆண்டுகளாகப் பார்த்துப் பழகிய நாற்காலியையும் வீட்டுப் பீடத்தையும் அப்படியே விட்டுவையுங்கள். வீட்டின் அழகுக்காகச் செய்யும் மாற்றங்கள்கூட அவருக்குத் தன் வீட்டையே அந்நியமாக்கிவிடும்.

வாடகை வீடும் குறைந்த வருமானமும்

'சொந்த வீடு உள்ளவர்களுக்குத்தான் இதெல்லாம்' என்று சிலர் நினைக்கலாம். மேலே சொன்னவற்றுள் பாதிக்கு மேல் சுவரைத் தொடாதவை. கட்டிலை இடம் மாற்றுவது, விரிப்பை எடுப்பது, விளக்கு மாட்டுவது, நாற்காலி வைப்பது ஆகியவற்றுக்கு வீட்டுக்காரரின் அனுமதி தேவையில்லை. கைப்பிடிக்காக நான்கு துளையிட வேண்டுமானால் அவரிடம் கேளுங்கள். வீட்டை வாடகைக்கு விட்டிருக்கும் அன்பர்களே, அப்படி ஒருவர் கேட்டு வந்தால் கப்பர்நாகும் வீட்டுக்காரரை நினைத்துக்கொள்ளுங்கள். அவர் கூரையையே விட்டுக்கொடுத்தார்.

அரசின் உதவிகளையும் அறிந்திருப்போம். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் 21 வகைக் குறைபாடுகளை ஏற்று, மற்றவர்களைப் போலச் சமூகத்தில் வாழும் உரிமையை உறுதி செய்கிறது. 2007ஆம் ஆண்டின் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம், உணவு, உடை, உறைவிடம், மருத்துவம் ஆகியவற்றைப் பிள்ளைகளின் கடமையாக்கியுள்ளது. சக்கர நாற்காலி, ஊன்றுகோல் போன்றவற்றுக்கு மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தை அணுகலாம். வறுமைக் கோட்டுக்குக் கீழுள்ள முதியோருக்கு இத்தகைய கருவிகளை இலவசமாகத் தரும் திட்டத்தை மத்திய அரசு 2017இல் தொடங்கியது. முதியோருக்கான உதவி எண் 14567.

யாருக்காக இந்த மாற்றம்?

வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் மருத்துவர் மேரி வர்கீஸ் 1954இல் ஒரு வாகன விபத்தில் இடுப்புக்குக் கீழே செயலிழந்தார். சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே தொழுநோயாளரின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்தார். பின்னர் மறுவாழ்வு மருத்துவம் பயின்று வந்து, அத்துறையை வேலூரில் வளர்த்தார். தென்காசியை அடுத்த ஆய்க்குடியில் அமர் சேவா சங்கத்தை 1981இல் நிறுவிய திரு. எஸ். ராமகிருஷ்ணன், 1975இல் கழுத்துக்குக் கீழே செயலிழந்தவர். இவர்களுக்கு அமைந்தவை கட்டிலும் கவனிப்பும் மட்டும் என்றால், நமக்கு இந்தப் பணிகள் கிடைத்திருக்குமா? ஒருவரைச் சுற்றியுள்ள தடைகள் நீங்கும்போது, அவர் மற்றவர்களுக்குக் கொடுப்பவராகிறார்.

முதுமையில் வேறொருவர் தன்னை நடத்திச் செல்வார் என்று ஆண்டவர் பேதுருவிடம் முன்னறிவித்தார் (யோவா 21:18). ஒருவரைச் சார்ந்து வாழும் நாள் நம் எல்லாருக்கும் வரும். அதில் இழிவு இல்லை. புனித 2ஆம் ஜான் பால் தம் நடுங்கும் கரங்களை உலகத்தின் முன் மறைக்கவில்லை. திருத்தந்தை பிரான்சிஸ் 2022 முதல் சக்கர நாற்காலியில் இருந்தபடியே திருஅவையை வழிநடத்தி, 2025 ஏப்ரலில் இறைவனடி சேர்ந்தார். ஆனால் தேவையற்ற இடத்தில் ஒருவரைச் சார்ந்திருக்கச் செய்வது அன்பு ஆகாது. தன்னால் முடிந்ததைத் தானே செய்ய விடுவதும், முடியாததில் கைகொடுப்பதும்தான் மதிப்பு.

வீடு எவ்வளவு மாறினாலும் மனிதத் துணைக்கு அது மாற்று அல்ல என்பதையும் மறக்க வேண்டாம். கைப்பிடி பொருத்திவிட்டு, இனிக் கவலையில்லை என்று பெற்றோரைத் தனியே விட்டுவிடுவதற்காக இவற்றைச் சொல்லவில்லை. கண் பரிசோதனை, தலைசுற்றல் தரும் மருந்துகளைப் பற்றி மருத்துவரிடம் கேட்பது, மாலையில் சேர்ந்து செபமாலை சொல்வது ஆகிய யாவும் இதனோடு சேர்ந்தவையே.

பங்கு என்னும் பெரிய குடும்பம்

1839ஆம் ஆண்டின் குளிர்காலத்தில், பிரான்சு நாட்டின் சான் செர்வான் ஊரில், பார்வையிழந்து பாதி உடல் செயலற்ற ஒரு மூதாட்டியைத் தம் வீட்டுக்குக் கொண்டுவந்தார் ஜான் ஜுகன். தம் படுக்கையை அவருக்குக் கொடுத்துவிட்டு, தாம் பரண் அறைக்குப் போய்ப் படுத்துக்கொண்டார். வீட்டுக்குள் நடந்த இந்தச் சிறு இடமாற்றத்திலிருந்துதான் 'ஏழைகளின் சிறிய சகோதரிகள்' சபை பிறந்தது. 2009இல் திருத்தந்தை 16ஆம் பெனடிக்ட் அவரைப் புனிதராக அறிவித்தார்.

நம் பங்குகளும் அப்படிச் சிறிதாகத் தொடங்கலாம். நம் அன்பியங்களில் கொத்தனார் இருக்கிறார். தச்சர், மின்பணியாளர், குழாய் வேலை தெரிந்தவர் இருக்கிறார்கள். செவிலியர்களும் இளைஞர்களும் இருக்கிறார்கள். வீடு தேடிச் சென்று ஏழைகளைச் சந்திப்பதையே உயிர்மூச்சாகக் கொண்டு 1833இல் பாரிசில் தொடங்கிய புனித வின்சென்ட் தே பவுல் சபை பல பங்குகளில் இயங்குகிறது. மாதத்தில் ஒரு சனிக்கிழமை, ஓர் அன்பியம், ஒரு வீடு. இரண்டு கைப்பிடி, ஒரு விளக்கு, ஒரு சாய்தளம். 2021ஆம் ஆண்டு முதல் ஜூலை நான்காம் ஞாயிறன்று திருஅவை கொண்டாடும் தாத்தா பாட்டியர் மற்றும் முதியோர் உலக நாளில் பொன்னாடை போர்த்துவதோடு நின்றுவிடாமல், அந்த வாரத்தில் பங்கின் தனித்து வாழும் முதியோரின் வீடுகளை ஒருமுறை பார்த்து வரலாமே. டிசம்பர் 3, மாற்றுத்திறனாளிகள் நாளில், நம் ஆலயத்தின் படிகளையும் ஒருமுறை அளந்து பார்க்கலாமே. வீட்டுப் படியைக் கடந்து வந்தவர் ஆலயப் படியில் நின்றுவிடக் கூடாது அல்லவா?

பெத்சதா குளக்கரையில் 38 ஆண்டுகள் நோயுற்றுக் கிடந்தவருக்கு இருந்த குறை, தன்னைக் குளத்தில் இறக்கிவிட ஆளில்லை என்பதே (யோவா 5:1-9). கப்பர்நாகும் மனிதருக்கோ நால்வர் இருந்தார்கள். இயேசு அந்த நால்வரின் நம்பிக்கையைக் கண்டார் என்று நற்செய்தி சொல்கிறது. நம்பிக்கையைக் கண்ணால் காண முடியுமா? அன்று அது பிரிக்கப்பட்ட கூரையாகக் கண்ணுக்குத் தெரிந்தது. இன்று நம் வீட்டுச் சுவரில் பொருத்திய ஒரு கைப்பிடியாகத் தெரியட்டும்.

அந்த ஆசிரியையின் மகனிடம் நான் பேசினேன். தாய் தண்ணீர் குடிப்பதில்லை என்பதே அவருக்குத் தெரியாது. கேட்டதும் கண் கலங்கிவிட்டார். அடுத்த முதல் வெள்ளிக்குப் போனபோது குளியலறைச் சுவரில் இரண்டு கைப்பிடிகள் இருந்தன. வாசலின் இறக்கத்தில் சிமென்ட் பூசிச் சரிவாக்கியிருந்தார்கள். கட்டிலுக்கருகே சிறு விளக்கு. நற்கருணை உட்கொண்டு, சற்று நேரம் கண்மூடி அமர்ந்திருந்த பிறகு, அந்தத் தாய் பக்கத்தில் மூடிவைத்திருந்த செம்பைக் காட்டிச் சொன்னார்:

"ராத்திரிக்கும் சேத்து இப்ப ஒரு செம்புத் தண்ணி, சாமி."

ஆண்டவரே, எங்கள் இல்லங்களில் உள்ள தடைகளைக் காணும் கண்களையும், அவற்றை அகற்றும் கரங்களையும் எங்களுக்குத் தாரும். ஆமென்.